மாமியார் கைப்பக்குவமும் புது அடுப்பும்: ஒரு ஃபோ கடைக்கு ஆலோசனை

கேள்வி: மெல்பர்ன் நகரின் ஸ்பிரிங்வேல் பகுதியில் என் கணவர் குடும்பம் ஃபோ கடை நடத்துகிறது. ஃபோ என்பது மாட்டெலும்புச் சூப்பில் அரிசி நூடுல்ஸ் போட்டுத் தரும் வியட்நாம் உணவு. அவர்கள் தென் வியட்நாமின் சைகோன்காரர்கள், நான் தமிழ்ப்பெண். இத்தனை வருடமும் சூப் அண்டா மாமியார் பொறுப்பில் இருந்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவரால் நிற்க முடியவில்லை. நானும் கணவரும் எடுத்துச் செய்கிறோம். நேரம் மிச்சமாகட்டும் என்று கணவர் பெரிய காஸ் அடுப்பு வாங்கினார். முன்பு 12 மணி நேரம் வெந்த சூப்பை இப்போது 5 மணி நேரத்தில் இறக்குகிறோம். சூப் கலங்கலாக வருகிறது. மதியம் சரியாக இருப்பது இரவில் கரிக்கிறது, லேசாகக் கசக்கவும் செய்கிறது. மறுநாளுக்கென்று எடுத்துவைத்த ஒரு அண்டா காலையில் புளித்துக் கிடந்தது. அஜினமோட்டோ உடம்புக்கு ஆகாது என்று நான் நிறுத்திவிட்டேன். 'பழைய ருசி இல்லை' என்று வழக்கமாக வருபவர்கள் சொல்கிறார்கள். மாமியாரிடம் அளவு கேட்டால், 'பார்த்துப் போடு' என்பதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். கணவரோ கடையில் விற்கும் சூப் பேஸ்ட்டுக்கு மாறிவிடலாம் என்கிறார். என்ன செய்யலாம்? சைவ ஃபோ ஒன்றும் சேர்க்க ஆசை.

பதில்: மாமியார் எதையோ மறைத்து வைத்திருக்கிறார் என்ற சந்தேகம் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் தெரிகிறது. அதை விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதிய நான்கு குறைகளுக்கும் காரணங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. கலங்கலுக்குக் காரணம் புது அடுப்பு. இரவில் கரிப்பதற்கும் கசப்பதற்கும் காரணம் எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் வைத்து நாள் முழுக்கக் கொதிக்கவிடுவது. புளிப்புக்குக் காரணம் ஆறவைத்த விதம். பழைய ருசி போனதில் அஜினமோட்டோவுக்கும் பங்கு உண்டு.

புளித்த சூப்பை முதலில் பார்ப்போம். மற்றவற்றால் வாடிக்கையாளர்தான் போவார், இதனால் கடையே போய்விடும். 50 லிட்டர் அண்டாவை மூடி போட்டுத் தரையில் வைத்தால் நடுப்பகுதி ராத்திரி முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கும். மாட்டிறைச்சியிலும் எலும்பிலும் வரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதியில் சாவதில்லை. சூப் மெல்ல ஆறும்போது அந்த வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகும். 'காலையில் ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும்' என்பதை நம்ப வேண்டாம். சில நுண்ணுயிர்கள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. புளித்ததைக் கொட்டத்தான் வேண்டும்.

ஆஸ்திரேலிய உணவுப் பாதுகாப்பு விதி தெளிவானது. சமைத்த உணவு 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். அங்கிருந்து 5 டிகிரிக்கு இறங்க மேலும் 4 மணி நேரம் உண்டு. வேறு முறையில் ஆறவைத்தால் அதுவும் பாதுகாப்பானது என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. இதைச் சுலபமாகச் சாதிக்க ஒரு வழி இருக்கிறது: சூப்பைக் கொஞ்சம் கெட்டியாக, 40 லிட்டராக வடித்துக்கொண்டு, குடிநீரில் செய்த சுத்தமான ஐஸ் 10 கிலோ அதில் போடுங்கள். 95 டிகிரியில் இருக்கும் 40 லிட்டரில் 10 கிலோ ஐஸ் கரைந்தால் 50 லிட்டர் சூப், ஏறத்தாழ 60 டிகிரியில் கிடைக்கும். விதியின் கடிகாரம் ஓடத் தொடங்கும் இடத்துக்குச் சில நிமிடங்களில் வந்துவிடுகிறீர்கள். பிறகு, 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மிகாமல் எஃகுத் தட்டுகளில் ஊற்றி, ஐஸ் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் நிறுத்தி, 21 டிகிரிக்குக் கீழே வந்ததும் குளிர் அறைக்குள் வையுங்கள். சுடச்சுட அண்டாவையே குளிர் அறையில் தள்ளினால் சூப்பும் ஆறாது, பக்கத்தில் இருக்கும் பச்சை இறைச்சியும் சூடாகும். குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று அடுப்படியிலேயே தொங்கட்டும். நேரத்தையும் டிகிரியையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். கவுன்சில் ஆய்வாளர் வந்தால் அதுதான் பேசும்.

இனி அடுப்பு. தெளிந்த சூப்புக்குப் பெரிய தீ ஆகவே ஆகாது. எலும்பிலும் மூட்டிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் கரைந்து ஜெலட்டினாக மாறுவதற்குப் பொறுமையான சூடு போதும், ஆனால் நேரம் வேண்டும். தளதளவென்று கொதித்தால் மிதக்கும் கொழுப்பு பொடிப்பொடித் துளிகளாக உடைந்து, ஜெலட்டினோடு சேர்ந்து நீரில் கலந்துவிடும். அதுதான் நீங்கள் பார்க்கும் பால் நிறக் கலங்கல். ஒருமுறை அப்படிக் கலந்தால் வடிகட்டித் தெளிய வைக்க முடியாது. சைகோன்காரர்கள் பலர் வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டை வாட்டி, அதன்மேல் சூப்பில் மிதந்த கொழுப்பை ஊற்றி, தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் கேட்பார்கள். பெருந்தீயில் கொதித்த அண்டாவில் அப்படி எடுக்க கொழுப்பே நிற்காது. அந்தச் சின்னக் கிண்ணத்துக்காக வருபவர்தான் 'பழைய ருசி இல்லை' என்று முதலில் சொல்லியிருப்பார்.

எலும்பை முந்தின இரவே குளிர்ந்த நீரில் ஊறவைத்துக் குளிர் அறையில் வையுங்கள், ரத்தம் இறங்கும். மறுநாள் அந்த நீரைக் கொட்டி, புது நீரில் போட்டு, இங்கே மட்டும் பெருந்தீயில் 10 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். உங்கள் புது அடுப்புக்கு இதுதான் வேலை. அழுக்கு நுரை பொங்கி வரும். தண்ணீரைக் கொட்டுங்கள், ஒவ்வொரு எலும்பையும் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள், அண்டாவையும் கழுவுங்கள். அண்டாவின் உள்விளிம்பில் ஒட்டிய வளையத்தை விட்டுவிட்டால் அது மறுபடி சூப்பில்தான் இறங்கும். அவசரத்தில் பலரும் தாண்டிப்போகும் இடம் இது.

பிறகு மறுபடி குளிர்ந்த நீரூற்றி மெல்லச் சூடேற்றுங்கள். அண்டாவின் ஒரு ஓரத்தில் மட்டும் ஒன்றிரண்டு குமிழி எழுந்து உடைய வேண்டும். தெர்மாமீட்டரில் 93 முதல் 96 டிகிரி. மூடியை முழுக்க மூட வேண்டாம், கரண்டியால் கிளற வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் நுரையை அடிக்கடி எடுங்கள். தண்ணீர் குறைந்தால் சூடான நீரையே ஊற்றுங்கள். உங்கள் பர்னரை இவ்வளவு சிறுதீயில் நிறுத்த முடியவில்லை என்றால், எலும்பின் அழுக்கு நுரை போக்கும் அந்த முதல் கொதிக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, வேகவைக்கப் பழைய அடுப்புக்கே திரும்புங்கள். பழையதை விற்காமல் இருந்தால் நல்லது.

12 மணி நேரம் கட்டாயமா? இல்லை. மூட்டெலும்பு 8 முதல் 9 மணி நேரத்தில் கொடுக்க வேண்டியதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். உங்கள் மாமியார் இரவு முழுக்க அடுப்பை எரியவிட்டிருக்கலாம். ஆள் இல்லாத சமையலறையில் காஸ் எரிவதற்குக் காப்பீட்டு நிறுவனம் ஒப்புகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதைவிட வேலையைப் பகலுக்கு மாற்றுவது மேல். மதியக் கூட்டம் ஓய்ந்ததும் அண்டாவை ஏற்றினால் இரவு 10 மணி வாக்கில் வடித்து ஆறவைக்கலாம். காலையில் கொழுப்பு மேலே உறைந்து நிற்கும். தகடு போல எடுத்து, கொஞ்சத்தைக் கிண்ணத்தில் ஊற்ற வைத்துக்கொள்ளலாம். மசாலாவைக் காலையில்தான் போட வேண்டும். ராத்திரியே போட்டால் வாசனை ராத்திரியே போய்விடும்.

50 லிட்டர் சூப்புக்கு, அதாவது கிண்ணத்துக்கு 450 மில்லி வீதம் சுமார் 110 கிண்ணத்துக்கு, தொடக்க அளவு இது: மூட்டெலும்பு 15 கிலோ, நல்லி எலும்பு 7 கிலோ, மாட்டு வால் 3 கிலோ. வேகும்போது முழுத் துண்டாக நெஞ்சுக்கறி 6 கிலோ. அதை 2 மணி நேரத்திலிருந்து குத்திப் பார்த்து, மெத்தென்று ஆனதும் எடுத்து ஐஸ் தண்ணீரில் போடுங்கள். அப்படியே காற்றில் வைத்தால் மேல்பக்கம் கறுத்துக் காயும். வெங்காயம் இரண்டரை கிலோ, இஞ்சி ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இரண்டையும் தோலோடு நேர்த் தீயில் சுட்டு, கருகிய தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, கடைசி 3 மணி நேரத்துக்கு அண்டாவில் போடுங்கள். கருகலைச் சுரண்டாமல் போடுவதும் கசப்புக்கு ஒரு காரணம்.

மசாலா: அன்னாசிப்பூ 50 கிராம், பட்டை 45 கிராம், மல்லி விதை 50 கிராம், சோம்பு 25 கிராம், கிராம்பு 5 கிராம், பெரிய ஏலக்காய் (வியட்நாமியர் போடும் தாவ் குவா) 8. இங்கே உங்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. இந்தியக் கடையில் வாங்கும் கறுப்பு ஏலக்காயும் வியட்நாமியர் போடும் தாவ் குவாவும் ஒரே செடி இல்லை. தாவ் குவா அளவில் பெரியது. நம்முடையதைப் போட்டால் கற்பூர நெடியும் புகை வாசனையும் தூக்கலாக வந்து, ஃபோவில் பிரியாணி மணக்கும். பட்டையும் வியட்நாம் பட்டையாக இருக்கட்டும். இலங்கைக் கறுவா மென்மையானது, இந்தக் கூட்டத்தில் அதன் குரல் கேட்காது. எல்லாவற்றையும் சிறுதீயில் மணம் வரும்வரை மட்டும் வறுத்து, மெல்லிய துணியில் தளர்வாகக் கட்டி, காலைச் சூடேற்றலில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் போட்டு எடுத்துவிடுங்கள். எடுத்துவிடுங்கள் என்பதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். மூட்டையை இரவுவரை அண்டாவிலேயே ஊறவிட்டால் கிராம்பும் அன்னாசிப்பூவும் மருந்துக் கசப்பைத் தரும்.

உப்பு 350 கிராம், ஃபிஷ் சாஸ் 750 மில்லி, கற்கண்டு 400 முதல் 500 கிராம். இது தென் வியட்நாம் அளவு. ஃபோ பிறந்தது வடக்கில், ஹனோய், நாம் டின் பக்கம். 1954-இல் நாடு இரண்டானபோது தெற்கே வந்தவர்கள் சைகோனில் அதைப் பரப்பினார்கள். அங்கேதான் இனிப்பு கூடியது; முளைகட்டிய பயறும் துளசி வகை இலைகளும் தட்டில் சேர்ந்தன. ஹனோய்க்காரர் ஒருவர் வந்து 'இனிக்கிறது' என்றால் கற்கண்டைக் குறைக்காதீர்கள். உங்கள் கடை யாருக்காக நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஃபிஷ் சாஸை இறக்குவதற்குச் சற்று முன்புதான் ஊற்ற வேண்டும், நெடுநேரம் கொதித்தால் நாற்றம் தட்டும். பாட்டில் மாற்றினால் உப்பு அளவும் மாறும். லேபிளில் 30, 40 என்று எண்ணோடு இருப்பது அதிலுள்ள நைட்ரஜன் அளவு. எண் கூடினால் சுவை அடர்த்தி கூடும்.

அஜினமோட்டோ பற்றி. 50 லிட்டருக்கு 75 முதல் 100 கிராம் போட்டு வந்த அண்டாவில் அதை ஒரே நாளில் நிறுத்தினால் சூப் வெறுமையாகத் தெரியும். அதை ஈடுகட்ட நீங்கள் உப்பைக் கூட்டியிருப்பீர்கள். இரவுக் கரிப்புக்கு அதுவும் துணைபோயிருக்கும். நீங்கள் நிறுத்தாமல் ஊற்றிவரும் ஃபிஷ் சாஸில் இருப்பதும், அஜினமோட்டோவுக்குச் சுவை தரும் அதே குளூட்டமேட்தான். ஆஸ்திரேலியாவில் அஜினமோட்டோ 621 என்ற எண்ணோடு அனுமதிக்கப்பட்ட சேர்மானம். தமிழ் வீடுகளில் அதன்மேல் இருக்கும் பயம் அறிவியலைவிட வதந்தியால் வளர்ந்தது என்பது என் அபிப்பிராயம். வேண்டாம் என்பது உங்கள் கொள்கையானால் எலும்பை 5 கிலோ கூட்டுங்கள், உப்பைக் கூட்டாதீர்கள். போடுவதானால், கேட்கும் வாடிக்கையாளரிடம் ஆமாம் என்று சொல்லுங்கள்.

இரவில் கரிப்பதற்குக் கணக்கு எளிது. 50 லிட்டரில் 1 சதவீதம் உப்பு இருக்கிறது. 10 லிட்டர் ஆவியாகப் போனால் அதே உப்பு 40 லிட்டரில் நிற்கும்: 1.25 சதவீதம். மதியம் ருசித்தவருக்கும் இரவு ருசித்தவருக்கும் அது வேறு சூப். ஆகவே மொத்தச் சூப்புக்கும் உப்பு போடாதீர்கள். மேலே சொன்ன உப்பு, ஃபிஷ் சாஸ், கற்கண்டு எல்லாவற்றையும் லிட்டர் கணக்கில் பிரித்து, பரிமாறும் 15 லிட்டர்ப் பாத்திரத்தில் மட்டும் சேருங்கள். அது தீரத்தீர உப்பில்லாத சூப்பை அளந்து ஊற்றி, அதற்குரிய உப்பைச் சேருங்கள். ஒரு மரக்குச்சியில் 5, 10, 15 லிட்டர் கோடு போட்டு வைத்தால் எவ்வளவு ஆவியானது என்று தெரியும். அந்த அளவுக்கு வெந்நீர் மட்டும் ஊற்றினால் போதும். பாத்திரம் மூடியோடு இருக்கட்டும். கிண்ணத்தில் ஊற்றும் நொடியில் மட்டும் கொதி வரட்டும்.

அந்தக் கொதி எதற்கு என்றால், பச்சையாக அடுக்கும் மாட்டிறைச்சித் துண்டுக்காக. கிண்ணம் 20 டிகிரியில் இருந்து, நூடுல்ஸும் குளிர்ந்ததாக இருந்தால், 95 டிகிரி சூப் 400 மில்லி ஊற்றினாலும் மொத்தம் 60 டிகிரி பக்கத்தில் போய் நிற்கும். கறி சாம்பல் நிறத்தில் பாதி பச்சையாகக் கிடக்கும். கிண்ணத்தை வெந்நீரில் சூடாக்கி, நூடுல்ஸையும் கொதிநீரில் முக்கி எடுத்துப் போட்டால் அதே சூப் 85 டிகிரி அருகே நிற்கும். கறியை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் இறுகவைத்து, நாருக்குக் குறுக்கே 2 மில்லிமீட்டருக்கு மிகாமல் சீவுங்கள். கட்டியாக வைக்காமல் பரத்தி வைத்து, நேராக அதன்மேல் ஊற்றுங்கள். சீவிய கறி அதுவரை 5 டிகிரிக்குக் கீழேயே இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வெந்த நெஞ்சுக்கறியையே கொடுத்துவிடுங்கள்.

நூடுல்ஸ் முக்கும் தண்ணீர் தனிப் பாத்திரத்தில் இருக்கட்டும். கூடையைச் சூப்பிலேயே முக்கினால் மாவு இறங்கி அதுவும் கலங்கும். புதுசு என்றால் கிண்ணத்துக்கு 180 கிராம், 5 முதல் 10 விநாடி. காய்ந்தது என்றால் 90 கிராம், முன்னதாக 30 முதல் 40 நிமிடம் சாதாரண நீரில் ஊறி, 15 விநாடி. கூடையை நன்றாக உதறுங்கள். ஒட்டியிருக்கும் நீர் சூப்பைத் தண்ணியாக்கும்.

மாமியார் அளவு சொல்லாததைப் பற்றி. அவர் மறைக்கவில்லை, அவரிடம் எண்ணாக எதுவும் இல்லை. கேட்பதை நிறுத்திவிட்டு அளக்கத் தொடங்குங்கள். அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வையுங்கள். உப்பு டப்பா, ஃபிஷ் சாஸ் பாட்டில், கற்கண்டு டப்பா மூன்றையும் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொண்டு அவர் கையில் கொடுங்கள். அவர் இஷ்டத்துக்குப் போடட்டும். முடித்ததும் மறுபடி நிறுத்துப் பாருங்கள், வித்தியாசம்தான் அளவு. ஒரு வாரம் இப்படி எழுதினால், எது நாளுக்கு நாள் மாறுகிறது, எது மாறுவதே இல்லை என்று தெரிந்துவிடும். டிஜிட்டல் உப்பு மீட்டர் ஒன்று வாங்குங்கள். அவர் 'சரி' என்று தலையாட்டும் நேரத்தில் அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ருசி பார்க்கக் கொடுக்கும்போது வெறும் சூப்பைக் கரண்டியில் நீட்டாமல், நூடுல்ஸ் போட்ட சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள். வெறும் சூப்பில் சற்று தூக்கலாக இருக்கும் உப்புதான் நூடுல்ஸோடு சரியாக நிற்கும். மேலே நான் தந்த அளவும் அவர் அளவும் முரண்பட்டால் அவருடையதையே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் பழகியது அதற்குத்தான்.

உங்கள் கணவர் சொல்லும் பேஸ்ட் ஒன்றும் கெட்ட பொருளில்லை, ஆனால் அதில் உப்பும் சர்க்கரையும் அஜினமோட்டோவும் முன்னமே இருக்கும். கலங்கலையோ புளிப்பையோ அது தீர்க்காது, மறைக்கத்தான் செய்யும். எலும்பு குறைவாகக் கிடைக்கும் நாளில் கைகொடுக்க ஒரு டப்பா வைத்துக்கொள்ளலாம். அன்று உப்பைக் குறைத்து, மீட்டரைப் பார்த்துப் போடுங்கள். பணம் மிச்சம் பிடிப்பதுதான் அவர் நோக்கமென்றால் முதலில் கறியை நிறுக்கச் சொல்லுங்கள். கிண்ணத்துக்கு 80 கிராம் என்று வைத்துக்கொண்டு, கைக்கு வந்தபடி 100 போனால், நூறு கிண்ணத்தில் 2 கிலோ போய்விடுகிறது.

சைவ ஃபோ சேர்க்கலாம், தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனி நூடுல்ஸ் கூடை இருந்தால் மட்டும். 10 லிட்டர் நீருக்கு வெள்ளை முள்ளங்கி ஒன்றரை கிலோ, கேரட் ஒரு கிலோ, சோளக்கதிர் 6, காய்ந்த ஷிட்டாகே காளான் 100 கிராம், சுட்ட வெங்காயம் அரை கிலோ, சுட்ட இஞ்சி 200 கிராம். ஒன்றரை மணி நேரம் போதும், அதற்கு மேல் வேகவிட்டால் முள்ளங்கி நெடி வரும். மசாலா மேலே சொன்னதில் ஐந்தில் ஒரு பங்கு. ஃபிஷ் சாஸுக்குப் பதில் சோயா சாஸும் உப்பும். ஜெலட்டின் இல்லாததால் சூப் மெலிதாகத்தான் இருக்கும். வெங்காயம் பொரித்த எண்ணெய் ஒரு தேக்கரண்டி மேலே விடுங்கள். முதல் மாதம் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போட்டுப் பாருங்கள். விற்காமல் மிஞ்சுவதையும் மாட்டுச் சூப் போலவே அதே நேரக் கணக்கில் ஆறவைக்க வேண்டும்.